நாட்டு நாய் வளர்க்கப் போகிறீர்களா? எங்கள் ஜிம்மியைப் பற்றிக் கொஞ்சம்

திருகோணமலையில் நாய் வளர்க்க ஆசைப்பட்டு யார் கேட்டாலும் நாட்டு நாயைத்தான் சொல்வேன். இந்த ஊர் வெயிலைத் தாங்கும், மீனும் சோறும் போட்டால் சந்தோசமாகச் சாப்பிடும். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் எல்லாரையும் கரைத்துக் குடித்துவிடும். எங்கள் ஜிம்மி டச்பே கடற்கரைப் பக்கம் குட்டியாகக் கிடைத்தவன். யார் எப்போது எழும்புவார்கள், யாருக்கு மனம் சீக்கிரம் இளகும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பிரம்புக் கதிரைக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி. நான் அதில் இருந்தால் படலையடிக்கு ஓடிப்போய், ஆள் வந்தது போலக் குரைப்பான். எழும்பிப் போய்ப் பார்த்தால் ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமானும் இருக்காது. திரும்பி வந்தால் கதிரையில் அவன் சுருண்டு கிடப்பான்.

இதைவிடப் பெரிய வேலையெல்லாம் 2022இல், நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் நடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பொரித்த சூரை மீன் மேசையில் இருக்கும். விளக்கு எரியும்வரை ஜிம்மி வாசலில் முன்னங்கால்மேல் தலையை வைத்துப் படுத்திருப்பான். மீன் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். கரண்ட் போய், நாங்கள் மெழுகுதிரி தேடிப் பற்றவைப்பதற்குள் ஒரு துண்டு குறைந்திருக்கும். தட்டு அசைந்த சத்தம்கூடக் கேட்காது. அவன் அதே வாசலில், அதே மாதிரி. மூக்குக்குக் கீழே மட்டும் எண்ணெய் மினுங்கும்.

ஜூலியானே காமின்ஸ்கி என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. எடுக்காதே என்று தடுத்த உணவை, வெளிச்சத்தில் இருந்ததைவிட இருட்டில் நாய்கள் அதிகமாகத் திருடின. மனிதருக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்பதை அவை கணக்கில் எடுக்கின்றன போலும்.

பிடிபட்டால் காதைப் பின்னால் மடித்து, கண்ணை மேலே உருட்டி ஒரு பார்வை பார்ப்பான். அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய் தின்பண்டத்தை எடுத்ததா இல்லையா என்பதோடு அந்த முகத்துக்குச் சம்பந்தம் இருக்கவில்லை. எசமான் ஏசியபோதுதான் அது கூடுதலாக வந்தது. "தெரிஞ்சுதான் செய்திருக்குது, முகத்தைப் பார்" என்று சொல்லி நாயை அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அந்த முகம் நம் குரலுக்குப் பயந்து வருகிறது.

அப்புறம், பூச்சி மாத்திரை. மீனுக்குள் வைத்து உருட்டிக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவான், வாயையும் நக்குவான். பின்னேரம் பாயைத் தூக்கினால் சீமெந்துத் தரையில் மாத்திரை கிடக்கும், துளி மீன்கூட ஒட்டாமல். இதற்கு எங்களுக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன். நான்கு உருண்டை பிடியுங்கள். முதல் இரண்டில் ஒன்றும் வேண்டாம். மூன்றாவதில் மாத்திரை. அதைக் கொடுக்கும்போதே நான்காவதை மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். அடுத்ததைப் பிடிக்கிற அவசரத்தில் மூன்றாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். இன்றுவரை இது பிழைக்கவில்லை.

இரண்டு தரம் சாப்பிடுகிற விசயத்தில்தான் பெரும்பாடு. நான் காலையில் சோறு வைப்பேன். தட்டைத் துடைத்தது போல நக்கிவிட்டு, அதைப் பல்லால் கவ்விக்கொண்டு குசினி வாசலில் அம்மாவுக்கு முன்னால் போடுவான். "தம்பி, இவனுக்கு இன்னும் ஒண்டும் வைக்கேல்லையா? பாவம், தட்டோட வந்து நிக்குது" என்று அம்மா இன்னொரு கரண்டி போடுவா. கெஞ்சினால் எப்போதாவது கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், ஒருபோதும் கிடைக்காத நாயைவிட அது விடாமல் கெஞ்சும். அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே கட்டாக நிற்க வேண்டும். அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, சாப்பிட்ட தட்டை உடனே எடுத்துக் கழுவி மேலே வைத்துவிடுகிறோம். அம்மாவிடம் கெஞ்சுவது நின்றுவிட்டது.

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிக் கேட்டா: "தம்பி, ஜிம்மிக்கு நீங்க காலமை சாப்பாடு வைக்கிறதில்லையோ?"