ஊர் நிலத்தை விண்வெளி நிறுவனம் கேட்டால்: மூன்று ஒப்பந்தங்கள், ஓர் ஒப்பீடு

ராக்கெட் செய்யும் நிறுவனம் பொது நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால், மாநகர மன்றத்தில் வாடகை, வேலைவாய்ப்பு இரண்டும்தான் அதிகம் பேசப்படும். நான் முதலில் பார்ப்பது வேறு: முதல் பணத்தைப் போடுவது யார்? அமெரிக்காவின் மூன்று அனுபவங்களை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம்.

டெக்சஸின் மிட்லேண்டில் முதல் பணம் ஊருடையது. 2012இல் அந்நகரின் வளர்ச்சிக் கழகம், விற்பனை வரியில் சேர்ந்த நிதியிலிருந்து சுமார் 1 கோடி டாலர் ஊக்கத்தொகை அறிவித்து எக்ஸ்கார் ஏரோஸ்பேஸ் என்ற விண்கல நிறுவனத்தை விமான நிலையத்துக்கு வரவழைத்தது. விமான நிலையம் 2014இல் விண்வெளி ஏவுதள உரிமமும் பெற்றது. ஆனால் எக்ஸ்காரின் லிங்க்ஸ் விண்கலம் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. 2017இல் நிறுவனம் திவாலானது.

லாஸ் ஏஞ்சலிஸில் முதல் பணம் குத்தகைதாரருடையது. 2018இல் டெர்மினல் தீவுத் துறைமுக நிலத்தை ஸ்பேஸ்எக்ஸுக்குக் குத்தகைக்கு விட மன்றம் ஒப்புதல் தந்தது. ஆண்டு வாடகை சுமார் 13.8 லட்சம் டாலர். நிலத்தைச் சீரமைக்க நிறுவனம் செய்யும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2019இல் நிறுவனம் பின்வாங்கியது. 2020இல் திரும்பி வந்தது, மன்றம் மறுபடி ஒப்புக்கொண்டது, சில வாரங்களிலேயே மறுபடி விலகியது. ஏமாற்றம்தான். ஆனாலும் நிலம் துறைமுகத்தின் கையிலேயே இருந்தது, போனது காலம்.

மூன்றாவது, கலிபோர்னியாவின் மொஃபெட் ஃபீல்டு விமானத் தளம். உரிமையாளர் நகரம் அல்ல, நாசா. ஆனாலும் ஒப்பந்தத்தின் வடிவம் கவனிக்கத்தக்கது. 2014இல் கூகுளின் துணை நிறுவனம் 60 ஆண்டுக் குத்தகை எடுத்தது. மொத்த வாடகை சுமார் 116 கோடி டாலர். 1930களில் கட்டப்பட்ட ‘ஹேங்கர் ஒன்’ என்ற பிரம்மாண்டமான விமானக் கொட்டகையைப் புதுப்பிக்கும் சுமையும் அதன் தலையில். பராமரிப்பில் மட்டும் நாசாவுக்கு ஆண்டுக்கு 63 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். உரிமையாளரால் தாங்க முடியாத கட்டடத்துக்கு இது நல்ல வழி. வெற்று நிலத்துக்கு 60 ஆண்டு கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இன்று பிறக்கும் குழந்தை ஓய்வு பெறும் வயதை எட்டும்வரை ஊருக்கு அந்த இடத்தில் பேச்சே இருக்காது.

விற்றுவிடலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: விற்ற நிலம் திரும்பாது.

இன்னும் வளராத நிறுவனத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸ் வடிவமே சரி என்பேன். பத்து ஆண்டு கொடுங்கள். சொன்ன வேலையைச் செய்து காட்டினால் நீட்டித்துக் கொடுங்கள். ஊக்கத்தொகை தந்தே ஆக வேண்டுமென்றால், ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு தவணையாகத் தாருங்கள்.

இந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்து மண்ணில் இருக்கிறது. திட எரிபொருளில் சேரும் பெர்குளோரேட்டும், உலோகப் பாகங்களைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீனும் நிலத்தடி நீரில் இறங்கினால் அகற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். நிறுவனம் அதற்குள் மறைந்துவிட்டால் செலவு நில உரிமையாளரான ஊரின் மேல்தான் விழும். ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதித்து முடிவுகளை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். துப்புரவுக்கான பிணைத்தொகை, திவால் வழக்கில் சிக்காதபடி வங்கி உத்தரவாதமாக இருக்க வேண்டும். வாடகையைச் சற்றுக் குறைத்தாவது இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.