ஃபிளிப்பர் பலகையைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன்

வீட்டில் பழைய பின்பால் எந்திரம் (பொத்தானை அழுத்தி மட்டைகளால் உலோகப் பந்தை அடித்து ஆடும் மின் விளையாட்டுப் பெட்டி) வைத்திருப்பவர்களுக்காக, குறிப்பாகச் சிகாகோவிலும் அதன் புறநகர்களிலும் வசிப்பவர்களுக்காக, இதை எழுதுகிறேன். வீட்டுக்கே வந்து எந்திரங்களைச் சரிசெய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒருவர், செய்யாத வேலைக்கு என்னிடம் பணம் வாங்கியதோடு, எந்திரத்தை அது முன்பு இருந்ததைவிட ஆபத்தான நிலையில் விட்டுச் சென்றார். கட்டணத்தைத் திரும்பக் கேட்டுக் கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டிருப்பதால் அவருடைய பெயரை இப்போது வெளியிட இயலாது. அவர் செய்ததையும், அதைக் கண்டுபிடித்த விதத்தையும் மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது வில்லியம்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட ‘ஃபிஷ் டேல்ஸ்’. அதற்கு முந்தைய எந்திரங்களில் பொத்தானை அழுத்தினால், ஃபிளிப்பர் எனப்படும் மட்டையை அசைக்கும் காயிலுக்கு (மின்காந்தக் கம்பிச் சுருளுக்கு) போகும் மின்சாரம் முழுவதும் பொத்தானின் தொடுமுனைகள் வழியாகவே ஓடும். தொடுமுனை கரிந்தால் அரத்தால் தேய்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். 1992இலிருந்து அந்நிறுவனம் ‘ஃபிளிப்ட்ரானிக்ஸ்’ என்ற தனி மின்சுற்றுப் பலகையைக் கொண்டுவந்தது. இதில் பொத்தான் கணினிக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. காயிலை இயக்குவது, பலகையில் மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்.

ஒவ்வொரு ஃபிளிப்பர் காயிலிலும் இரண்டு சுற்றுகள் உண்டு. ஏறத்தாழ 4 ஓம் தடையுள்ள தடித்த கம்பிச் சுற்று மட்டையை ஒரே வீச்சில் மேலே தூக்குகிறது. நூறு ஓமுக்கும் மேல் தடையுள்ள மெல்லிய சுற்று, பொத்தானை விடும்வரை அதை மேலேயே பிடித்து வைக்கிறது. தூக்கும் சுற்றுக்கு டிஐபி 36சி என்ற பெரிய டிரான்சிஸ்டரும், பிடிக்கும் சுற்றுக்கு டிஐபி 102 என்பதும் பொறுப்பு. பந்தை அடித்துவிட்டு, பொத்தானை அழுத்தியிருக்கும்போதே மட்டை கீழே விழுந்தால் கோளாறு பிடிக்கும் சுற்றில் இருக்கிறது. பலமில்லாமல் எழுந்தால் தூக்கும் சுற்றைப் பார்க்க வேண்டும். எந்திரத்தைப் போட்டவுடனே, யாரும் எதையும் தொடாமல், மட்டை தானாக எழுந்து அப்படியே நின்றால் டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்குச் சுற்றாகிவிட்டது, அதாவது மூட முடியாமல் மின்சாரத்தை நிற்காமல் விடுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது நொடிகூடத் தாமதிக்காமல் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

என் எந்திரத்தில் இடது மட்டை இப்படித்தான் எழுந்து நின்றது. உடனே அணைத்துவிட்டேன். பலகையின் ஃபியூஸ் போயிருந்தது. காயில் நலமாகத்தான் இருந்தது.

வந்தவர் விளையாட்டுத் தளத்தைத் தூக்கிக் காயிலைப் பார்க்கவே இல்லை. பின்பெட்டியைத் திறந்து ஃபிளிப்ட்ரானிக்ஸ் பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். சில வாரங்கள் கழித்து அதைக் கொண்டுவந்து மாட்டியபோது, பலகையிலிருந்த டிரான்சிஸ்டர்கள் எல்லாமே செத்துவிட்டன என்றும், அனைத்தையும் மாற்றியதாகவும் கூறி 385 டாலர் வாங்கினார். இரசீதில் ‘பலகை முழுச் சீரமைப்பு’ என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இல்லை. கழற்றிய பாகங்களைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டேன் என்றார்.

‘எல்லாமே செத்துவிட்டன’ என்ற அந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தப் பலகை நான்கு ஃபிளிப்பர்களை இயக்கும்படி அமைந்தது. ஃபிஷ் டேல்ஸில் இருப்பவையோ இரண்டு. ஆகவே பலகையின் பாதி, எந்தக் காயிலின் சுமையையும் ஒருநாளும் சுமந்திராத பகுதி. அதிலுள்ள டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் செத்துப்போயின என்று ஒருவர் சொன்னால், அவர் பலகையைச் சோதிக்கவில்லை, அல்லது சோதித்துவிட்டுப் பொய் சொல்கிறார்.

அவர் போன பிறகு எந்திரம் சில நாட்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு மாலை ஆட்டத்தின் நடுவே இடது மட்டை மேலே சென்று நின்றது. அணைப்பதற்குள் அரக்கு எரிவதுபோன்ற நாற்றம் அறை முழுவதும் பரவிவிட்டது. அவரை அழைத்தேன். காயில் தேய்ந்துபோகும் பாகம் என்பதால் அதற்குத் தம் உத்தரவாதம் பொருந்தாது என்றும், இனி அந்தப் பலகையை நம்ப முடியாது, புதுப் பலகை ஒன்று வாங்கி மாட்டித் தருகிறேன், அதற்கு இன்னும் அதிகம் ஆகும் என்றும் சொன்னார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. மின்னணுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அழைத்து, எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, இருவருமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் கண்ணில் பட்டது ஃபியூஸ். இந்த இடத்தில் இருக்க வேண்டியது மெதுவாக உருகும் வகையைச் சேர்ந்த 3 ஆம்பியர் ஃபியூஸ். இருந்ததோ 10 ஆம்பியர். இதை நான் அற்பத்தனமான குறையாகக் கருதவில்லை; இந்தப் பதிவு எழுதப்படுவதற்கு முதல் காரணமே இதுதான். காயிலுக்கு வரும் 50 வோல்ட்டை, தூக்கும் சுற்றின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள்: 12 ஆம்பியருக்கு மேல் வருகிறது. மட்டை எழும் கணத்தில் மட்டும் அவ்வளவு மின்சாரம் ஓடுவதை 3 ஆம்பியர் ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் குறுக்காகி மின்சாரம் நிற்காமல் ஓடினால் அது விரைவில் உருகிக் காயிலைக் காப்பாற்றிவிடும். 10 ஆம்பியர் ஃபியூஸோ 12 ஆம்பியரை நீண்ட நேரம் தாங்கி நிற்கும். அதற்குள் காயில் எரிந்து, அதன் உள்ளிருக்கும் நைலான் குழாயும் உருகிவிடும். வீட்டின் அடித்தளத்தில், மரப்பெட்டிக்குள், குழந்தைகள் விளையாடும் பொருளில் இதைச் செய்திருக்கிறார்.

அடுத்துக் காயில். தூக்கும் சுற்றின் தடை 2 ஓமுக்கும் கீழே இறங்கியிருந்தது. கம்பியின் மேற்பூச்சு வெந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது. இப்படிப்பட்ட காயிலை வைத்துக்கொண்டு எத்தனை புது டிரான்சிஸ்டர் போட்டாலும் அத்தனையும் போகும். அதைவிட முக்கியமானது காயிலின் முனைகளில் சால்டர் செய்யப்பட்டிருக்கும் 1என்4004 டையோடுகள். மின்சாரம் நிறுத்தப்படும் கணத்தில் காயில் திருப்பி உதைக்கும் உயர் அழுத்தத்தை அவை தம்முள் வாங்கிக்கொள்கின்றன. எங்கள் இடது காயிலில், தூக்கும் சுற்றின் டையோடு ஒரு முனையில் ஒடிந்து, கம்பி தொடாமல் நின்றது. ஒடிந்த இடம் கறுத்துப் பழையதாக இருந்தது; ஆயிரக்கணக்கான அடிகளின் அதிர்வில் இது நேரக்கூடியதே. முதல் டிரான்சிஸ்டரைக் கொன்றது இந்த ஒடிந்த டையோடு என்பதிலோ, இரண்டாவதையும் அதுவே கொன்றது என்பதிலோ எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. விளையாட்டுத் தளத்தைத் தூக்கி ஒரு நிமிடம் விளக்கடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சில காசு விலையுள்ள பாகம்.

பிறகு பலகையைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினோம். ஒரே ஒரு டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில்தான் புதிய சால்டர் மின்னியது. சுற்றிலும் சால்டர் பசைக் கறை. மற்றவை அனைத்திலும் தொழிற்சாலைச் சால்டர் அப்படியே மங்கிப்போய் இருந்தது. அவற்றின் மேல் அச்சிட்டிருந்த தயாரிப்புக் குறியீடுகள் எந்திரத்தின் வயதோடு ஒத்துப்போயின. மல்டிமீட்டரை டையோடு சோதனையில் வைத்து, கறுப்பு முனையை டிஐபி 102இன் உலோகத் தகட்டிலும், சிவப்பு முனையை இரு ஓரக் கால்களில் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தோம். 0.4க்கும் 0.6க்கும் இடையே காட்டினால் நலம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் குறுக்கு. எல்லா டிஐபி 102களும் நலமாகவே இருந்தன. டிஐபி 36சியைப் பார்க்க இந்தக் கணக்கு பொருந்தாது, அது மின்முனைகள் எதிர்மாறாக அமைந்த வகை. அதனால் பயன்படாத பாதியிலிருந்த அதே எண்ணுள்ள டிரான்சிஸ்டரை அளவுகோலாக வைத்து, காலுக்குக் கால் ஒப்பிட்டோம். வேறுபட்டது அவர் போட்டது மட்டுமே.

அந்த ஒன்றும் அசல் இல்லை என்பது என் கருத்து. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்ததும் எழுத்துகள் கரைந்து வந்தன; அடியில் சொரசொரப்பாகத் தேய்த்த தடம் தெரிந்தது. அசல் டிஐபி 36சி 25 ஆம்பியர் தாங்க வேண்டியது. எண்ணை அழித்து, சிறிய டிரான்சிஸ்டரைப் பெரியதன் பெயரில் விற்பது இந்த வகையில் வழக்கமாக நடக்கும் மோசடி. அவர் தெரிந்தே வாங்கினாரா, அவரும் ஏமாந்தாரா என்பதை விட்டுவிடுகிறேன். மாற்றாதவற்றுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியதில் ஏமாற வழியே இல்லை.

டிரான்சிஸ்டரையும், அதை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர்களையும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்து வரவழைத்து, புதுக் காயிலும் டையோடும் போட்டோம். டையோடின் கோடு போட்ட பக்கம் மின்சாரம் வரும் பொது முனையை நோக்கி இருக்க வேண்டும்; மாற்றிப் போட்டால் முதல் அடியிலேயே எல்லாம் போகும். மொத்தப் பாகங்களின் விலை, அவர் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

அவரிடம் புகைப்படங்களை அனுப்பினேன். பலகையை நான் தொட்டுவிட்டதால் தமக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது.

யாரிடமாவது இந்தப் பலகையைக் கொடுக்க வேண்டி வந்தால் இரு பக்கமும் தெளிவாகப் படமெடுத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் இரசீதில் இருக்க வேண்டும், கழற்றியவை திரும்ப வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். காயிலை அளந்து பாராமல் பலகையை மட்டும் எடுத்துச் செல்ல முனைபவரை அப்போதே அனுப்பிவிடலாம். ஏற்கெனவே இப்படிப் பழுதுபார்த்து வந்த பலகை உங்கள் எந்திரத்தில் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிளிப்பர் ஃபியூஸ்களைக் கழற்றி, அவற்றின் உலோக முனையில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 3க்கு மேல் எது இருந்தாலும் அதை மாற்றும்வரை எந்திரத்தைப் போடாதீர்கள்.