மடக்கும் பழைய லேப்டாப்புக்கு எது சரி: லூபுண்டுவா, மின்டா, டெபியனா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் பட்டியலில் பழைய செலரானுக்கு இடமில்லை. அதனால், திரையை முழுக்கப் பின்னால் மடக்கி டேப்லெட் ஆக்கிக்கொள்ளும் பத்து வருஷத்துப் பழைய லேப்டாப்புகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படி ஒன்றுதான்: 11.6 இன்ச் டச் திரை, செலரான் என்2840, 4 ஜிபி ரேம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாயிற்று. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் எந்த வகையைப் போட்டாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

லினக்ஸ் வகைகளில் லூபுண்டு, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, டெபியன் 13 க்னோம் ஆகிய மூன்றையும் இதில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்எஃப்சிஇ, க்னோம் என்பவை மெனுவையும் ஜன்னல்களையும் காட்டும் டெஸ்க்டாப்புகள். இவற்றில் க்னோம் கனமானது. இப்போது டெபியன் க்னோம்தான் நிரந்தரமாக ஓடுகிறது. பழைய மெஷினுக்கு க்னோமா என்று கேட்பார்கள். சாதாரண லேப்டாப்பாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். மடக்கும் லேப்டாப்புக்குக் கணக்கு வேறு.

முதலில் ரேம். பூட் ஆகி எதையும் திறக்காமல் இருக்கும்போது லூபுண்டு அரை ஜிபி சொச்சம் எடுக்கிறது. மின்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். க்னோம் ஒரு ஜிபியைத் தாண்டிவிடுகிறது. பார்க்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் நாலைந்து டேப் திறந்ததும் மூன்றிலுமே ரேமைத் தின்பது பிரவுசர்தான். இசட்-ரேம் போட்டு, ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கிய ஸ்வாப்பாக (ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் இடமாக) மாற்றிக்கொண்டால் 4 ஜிபியில் க்னோம் தாராளமாக ஓடும். டெபியனில் அதற்கு ஒரு சிறிய பேக்கேஜ் நிறுவினால் போதும். செலரான் வேகம் போதாததால் திறந்திருக்கும் ஜன்னல்களை ஒன்றாகக் காட்டும் க்னோமின் ஆக்டிவிட்டீஸ் திரை திறக்கும்போது லேசான திணறல் கண்ணுக்குத் தெரியும். செட்டிங்ஸில் அனிமேஷனை அணைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழ்99 தட்டச்சு, வைஃபை, யூடியூப் எல்லாம் மூன்றிலும் ஒன்றுதான். பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்று பார்த்தால் லூபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 3 ஆண்டு, மின்டுக்கு 5 ஆண்டு. டெபியனுக்கு 3 ஆண்டு முழு ஆதரவும் அதற்கு மேல் 2 ஆண்டு நீட்டிப்பும் உண்டு.

இனி நான் முடிவெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்: திரை சுழல்வதும், அதைத் தொடர்ந்து பராமரிப்பதும்.

லூபுண்டுவும் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயும் திரையில் படம் காட்டுவதற்கான பழைய எக்ஸ்11 முறையில் ஓடுபவை. லேப்டாப்பை மடக்கி நிமிர்த்திப் பிடித்தால் திரை தானாகத் திரும்பாது. எக்ஸ்-ரேண்ட்ஆர் (xrandr) கட்டளை கொடுத்துத் திருப்பலாம். அப்போது படம் திரும்பும், ஆனால் டச் பழைய திசையிலேயே இருக்கும். ஒரு மூலையைத் தொட்டால் வேறொரு மூலையில் கிளிக் விழும். எக்ஸ்-இன்புட் கட்டளையால் டச்சையும் திரையோடு பொருத்த வேண்டும். சரி, இரண்டையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, சென்சார் சொல்வதைக் கேட்டு ஓடும்படி செய்யலாம், அப்படியும் வைத்திருந்தேன். ஆனால் அந்த ஸ்கிரிப்டுக்கு ஆயுசு கம்மி. டச் கருவிக்குக் கொடுக்கப்படும் எண் அடுத்த பூட்டில் மாறலாம், அதனால் எண்ணை விட்டுப் பெயரை வைத்து எழுத வேண்டும். இன்டெல் டிரைவரில் திரையின் பெயர் 'ஈடிபி1'. மோட்செட்டிங் என்ற பொது டிரைவருக்கு மாறினால் நடுவில் ஒரு கோடு சேர்ந்து 'ஈடிபி-1' ஆகிவிடும், ஸ்கிரிப்ட் அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் நிற்கும். அப்புறம் திரைக் கீபோர்டைத் தனியாக நிறுவி, லாகின் பக்கத்திலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். ஆனால் வீட்டில் அம்மாவோ பிள்ளையோ கையில் எடுக்கும் மெஷினில் இவற்றில் ஒன்று பிசகினாலும் அவர்களால் சரிசெய்ய முடியாது.

டெபியன் க்னோம், எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் முறையில் ஓடுகிறது. ஐஐஓ-சென்சார்-பிராக்சி என்ற சிறிய சேவை, லேப்டாப் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறியும் ஆக்சிலரோமீட்டர் சென்சாரைப் படித்துச் சொல்ல, க்னோம் திரையையும் டச்சையும் சேர்த்தே திருப்புகிறது. கீபோர்டு மடங்கியதைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தெரிவித்தால் கீபோர்டும் டச்பேடும் தாமாக அணைந்துவிடும், எழுதும் இடத்தைத் தொட்டால் திரைக் கீபோர்டு வரும். ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால், பூட் ஆகும்போது திரைக் கீபோர்டு வராது, கடவுச்சொல் தர லேப்டாப்பை விரித்தாக வேண்டும்.

சில மாடல்களில் சென்சார் பலகையில் திரும்பி ஒட்டப்பட்டிருக்கும். நேராக வைத்திருந்தாலும் திரை பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். டெர்மினலில் 'மானிட்டர்-சென்சார்' ஓட்டிவிட்டு லேப்டாப்பை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தால் சென்சார் என்ன நினைக்கிறது என்று வரி வரியாகக் காட்டும். திசை தப்பாக இருந்தால் ஹெச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் விவரக் கோப்பில், சென்சார் ஒட்டிய திசையைச் சொல்லும் மவுண்ட் மேட்ரிக்ஸ் என்று ஒரு வரி எழுத வேண்டும். அது ஒருமுறை செய்கிற வேலை, அப்டேட் வந்தாலும் அப்படியே இருக்கும்.

பேனா வைத்து எழுதும் மாடலை நான் பயன்படுத்தியதில்லை. கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பிலும் டச் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள், இந்த மெஷினில் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ரேம் 2 ஜிபிதான், கூட்டவும் வழியில்லை என்றால் நான் மேலே சொன்னது பொருந்தாது. லூபுண்டுவே போடுங்கள், திரையைச் சுழற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். மடக்கவே மாட்டேன், லேப்டாப்பாக மட்டும்தான் ஓட்டுவேன் என்பவர்களுக்கு மின்ட் நல்லது. விண்டோஸிலிருந்து வருபவருக்கு மெனுவும் டாஸ்க்பாரும் பழகிய இடத்திலேயே இருக்கும்.

4 ஜிபி இருந்து, மடக்கியும் பயன்படுத்துவீர்கள் என்றால், நிறுவும் முன் டெபியனின் க்னோம் லைவ் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்யுங்கள். மடக்கி, நான்கு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். அப்படியே ஒருமுறை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பிவிட்டு, மறுபடி திருப்பிப் பாருங்கள். லைவில் இத்தனையும் வேலை செய்தால் தைரியமாக நிறுவலாம்.