காவிப் பல்லுக்கு 'வெள்ளைப் பல் பேக்கேஜ்' போகிறவர்கள் உஷார்

18,000 ரூபாய். தங்கச்சியின் முன்பல் ஆறின் மேல் வெள்ளைப் பூச்சு ஒட்டியதற்கு, பல்லுக்கு மூவாயிரம் வீதம். ஒட்டியதில் ஒன்று முதலிலேயே விழுந்தது. நேற்று ராத்திரி இன்னும் இரண்டு, இட்லியோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டன. வயிறு எரிகிறது, ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன். தர்மபுரி டவுனில் உள்ள ஒரு தனியார் பல் கிளினிக். பெயர் போடவில்லை.

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கியது. அதுவரை போர் தண்ணீர்தான். அதில் உள்ள ஃப்ளோரைடு, சின்ன வயதில் பல்லின் மேல் ஓடான எனாமல் உருவாகும்போதே உள்ளே புகுந்துவிடும். அப்புறம் எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் காவி போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். அதனால்தான் போனோம். அந்த டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ப் பல்லுதானேம்மா, தினமும் பார்க்கிறதுதான். புது டெக்னாலஜி வந்திருக்கு, அஞ்சு வருஷத்துக்கு அசையாது" என்றார். ஷேடு கார்டைப் பல் பக்கத்தில் வைத்து, தங்கச்சி கையில் கண்ணாடியைக் கொடுத்து, "எந்தக் கலர் வேணும்னு நீயே சொல்லும்மா" என்றார். அவள் கை வைத்து மூடாமல் தன் பல்லைப் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அங்கேயே எண்ணி வைத்துவிட்டார். 18,000.

ஒரே உட்காரலில் பல்லை வெளுக்கும் ப்ளீச்சிங், உடனே அதன்மேல் காம்போசிட் (பல் நிறப் பூச்சு) ஒட்டல். நீல ஜெல்லைத் தடவினார்கள், கழுவினார்கள், லைட் அடித்தார்கள், முடிந்தது.

முதல் பல்லின் ஒட்டல் கழன்றதும் போன் போட்டேன். "எதைக் கடிச்சீங்க?" இட்லி என்றேன். "இட்லியில கல்லு ஏதாச்சும் இருந்திருக்கும் சார்" என்றது ரிசப்ஷன் பெண். டாக்டர் சனிக்கிழமை வருவார், இல்லை அடுத்த வாரம், இல்லை கேம்ப் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போய் நின்றால், "உங்க பல்லே வீக்கு, நாங்க என்ன பண்ணட்டும்? மறுபடி ஒட்டணும்னா பாதி ரேட்டு." நம்ம ஊர்ப் பல்லு எப்போது வீக்கு ஆனது?

இன்று காலை சேலத்தில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். கழன்ற துண்டைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வழவழவென்று இருந்தது, பல்லிலும் துளி மிச்சமில்லை. நன்றாகப் பிடித்திருந்தால் உடையும்போது கொஞ்சமாவது பல்லோடு நிற்குமாம். தோல் உரிந்த மாதிரி முழுசாக வந்தால் எனாமலில் பிடிக்கவே இல்லை என்று அர்த்தமாம். அந்த நீல ஜெல், அதாவது பாஸ்போரிக் அமில ஜெல், எனாமலில் நுண்ணிய குழிகளைப் போட வேண்டும், அதற்குள் பசை இறங்கி இறுக வேண்டும். சாதாரணப் பல்லுக்கு 15 முதல் 30 விநாடி போதும். ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்பரப்பு அமிலத்துக்கு எளிதில் மசியாது. லேசாகத் தேய்த்துவிட்டோ, கூடுதல் நேரம் வைத்தோதான் ஒட்ட வேண்டும். கழுவிக் காய்ந்ததும் பல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், அதில் எச்சில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. ப்ளீச் செய்த பல்லில் ஆக்சிஜன் தங்கிப் பசையை இறுகவிடாது, ஒன்றிரண்டு வாரம் பொறுக்கணும். இவர்கள் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. இந்த அமில முறை 1955-லேயே வந்ததாம். அதைத்தான் புது டெக்னாலஜி என்று 18,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ப்ளீச்சிங்கும் ஒட்டலும் ஒரே நாளில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காவிப் பல்லுக்குத் தனியாக என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், மழுப்பினால் வேண்டாம். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கொடுத்தது பேடு தாளில் கிறுக்கிய தொகை மட்டும். 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. கழன்ற துண்டுகளைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன்.