நகராத முள்ளை நம்பி ஏமாந்த கதை

பழைய காருக்கு எக்ஸ்ட்ரா மீட்டர் மாட்டலாம் என்று கிருஷ்ணகிரி பக்கம் கடை தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது 1986 மாடல் பிரீமியர் பத்மினி. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட் என்று மூன்று மீட்டர், கூலியோடு 6,500 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம். காலையில் விட்டேன், மதியம் சாப்பிட்டு வருவதற்குள் வண்டி ரெடி. அந்த வேகத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டெம்பரேச்சர் முள் 40ஐ விட்டு அசையவே இல்லை. கேட்டதற்கு, “இன்ஜின் கூலா ஓடுதுங்கண்ணா” என்றார் கடைக்காரர். எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி வீக் என்று பழையதைக் கழற்றி வைத்துக்கொண்டு, 4,800 ரூபாய்க்குப் புதுசு மாட்டினார். அதுவும் அடிக்கடி படுத்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் இத்தனை நாள் தெரியாதது, கரண்ட் போன ஒரு ராத்திரியில் தெரிந்தது. சாவி என் சட்டைப்பையில், ஆனால் மூன்று மீட்டருக்குள்ளும் குட்டி பல்பு எரிந்துகொண்டிருக்கிறது!

அதைச் சரிசெய்வதற்குள் அவசரமாகச் சேலம் போகவேண்டி வந்தது. திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பானெட்டிலிருந்து ஒரே ஆவி. முள் அப்போதும் 40தான். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனை ஒரு லாரிக்காரர் இழுத்துப் பிடித்தார். இல்லாவிட்டால் முகம் வெந்திருக்கும். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அது தனிச் செலவு.

தருமபுரியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். டெம்பரேச்சர் சென்சாரின் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றியிருந்தார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும். எர்த் இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்தாலும் முள் எழாது. பவர் ஒயரோ பேட்டரியிலிருந்து நேராக, பியூஸ் கிடையாது. டேஷ்போர்டுக்குள் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம்கூட இல்லை. உரசி உரசி உள்ளே இருந்த செம்பு மின்னியது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து தகட்டில் பட்டிருந்தால் நடுரோட்டில் எரிந்திருப்போம்.

அவர், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனிலிருந்து 5 ஆம்ப் பியூஸ் வைத்து எடுத்தார். பல்புகளைப் பார்க் லைட்டோடு சேர்த்தார். டேப்பைச் சுரண்டிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் முள் மெதுவாக 80க்கு ஏறியது. கூலி 900 ரூபாய்.

உங்கள் வண்டிக்கு மாட்டினால், காசு கொடுப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு மீட்டரைக் கையால் மறைத்துப் பாருங்கள், பல்பு எரியக்கூடாது. பியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முதலில் வண்டியைச் சூடாக்கி, முள் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள்.

நியாயம் கேட்கக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். “பழைய வண்டின்னா அப்படித்தாங்கண்ணா” என்றார். சரி, என் பழைய பேட்டரியையாவது கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லையே என்றேன். வித்துட்டாராம்.