வெள்ளவத்தை சனிக்கிழமை வகுப்பு: ஐந்து வாரம் அருமை, ஆறாவது வாரம் போதவே போதாது

அரசியலமைப்பு எப்படி உருவாகிறது என்று தமிழில் ஒரு வகுப்பு நடக்கிறதென்று கேள்விப்பட்டதும் காசைக் கட்டிவிட்டேன். ஆறு சனிக்கிழமை, பின்னேரம் நான்கிலிருந்து ஆறரை வரை, 7,500 ரூபா. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மாடி அறை. தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் மிஸ் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் தொடர வேண்டும், அது பழகிவிடும்.

முதல் ஐந்து வாரமும் அமெரிக்க அரசியலமைப்பை எழுத 1787இல் பிலடெல்பியாவில் நடந்த மாநாடு. மிஸ் நோட்ஸ் வாசிக்கிற ஆள் இல்லை. எங்களைப் பிரித்து ஆளுக்கொரு மாநிலம் தந்துவிட்டார். எனக்கு டெலவெயர். கையில் ஒரு துண்டுத் தாள்: மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. டெலவெயர் தன் பிரதிநிதிகளை உண்மையிலேயே அப்படிக் கட்டிப்போட்டுத்தான் அனுப்பியதாம். எதிரே வெர்ஜீனியா கோஷ்டி, எல்லாம் சனத்தொகைப்படிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது. அன்று தொண்டை வற்றக் கத்தியும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. அப்புறம்தான் உண்மையில் நடந்ததைச் சொன்னார்: ஒரு சபை சனத்தொகைப்படி, மற்றச் சபையில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம். ஜூலை 16 அன்று 5க்கு 4 என்று நிறைவேறியது, மசாசூசெட்ஸ் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்ததால் அந்த மாநிலத்தின் வாக்கு எண்ணப்படவே இல்லை. அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிய விஷயம் என்பது வாதாடிப் பார்த்ததால்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது வாரத்துக்காகவே கொடுத்த காசு தகும். ஐந்தில் மூன்று பங்கு உடன்பாடு, அதாவது சபையில் இடம் பிரிக்கும் சனத்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்துக்கு மூன்றாக எண்ணுவது. அடிமைகளை முழு மனிதராக எண்ணச் சொன்னவர்கள் அவர்களுக்கு நல்லது நினைத்தவர்கள் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன், உண்மை நேர்மாறு. முழுதாக எண்ணக் கேட்டது அடிமைகளை வைத்திருந்த தெற்கு, தலை கூடினால் இடம் கூடும் என்பதற்காக. மிஸ் பலகையில் கணக்குப் போட்டார். 1790 குடிசன மதிப்பீட்டில் வெர்ஜீனியாவில் அடிமைகள் ஏறக்குறைய 2,92,000 பேர். அதில் ஐந்தில் மூன்று 1,75,000. அப்போது 33,000 பேருக்கு ஓர் உறுப்பினர். ஐந்து இடத்துக்கு மேல் வருகிறது, அந்த 2,92,000 பேரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. அடிமை என்ற சொல் மூல அரசியலமைப்பில் எங்குமே கிடையாது, ‘ஏனைய ஆட்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை தடைசெய்ய முடியாது என்றும் சேர்த்தார்கள். சரி, இது இல்லாமல் நாடு சேர்ந்திருக்குமா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். மிஸ் பதில் சொல்லாமல் எங்களையே பேச விட்டார், ஏழு மணி வரை யாரும் எழும்பவில்லை.

இனி குறை. சுதந்திரத்தோடு இலங்கைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்புக்கு ஒதுக்கியது ஆறாவது வாரத்தில் முக்கால் மணி நேரம் மட்டும்! மிச்ச நேரம் சான்றிதழ், குரூப் போட்டோ, பிளேன்ரீ. இடங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி சிறுபான்மையினர் எல்லோருக்கும் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் 29ஆம் பிரிவு, தொகுதி பிரிக்க 75,000 பேருக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்கு இன்னோர் இடம் என்ற கணக்கு, 1945இல் அப்போதைய சட்டசபையான அரசாங்க சபை இதை ஏற்ற 51க்கு 3 வாக்கு, எல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர்கள் மாதிரிப் போய்விட்டன.

இதை ஏன் இவ்வளவு மனசு வெந்து எழுதுகிறேன் என்றால், என் அப்பா வழி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தமும் இந்திய வம்சாவளித் தமிழரான மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. ஆனால் தொகுதி பிரிக்கும் கணக்கில் அவர்கள் தலை எண்ணப்பட்டுக்கொண்டே இருந்தது, ஏனென்றால் கணக்கு பிரஜைகளை வைத்து அல்ல, சனத்தொகையை வைத்து. இவர்களை எண்ணிக் கிடைத்த இடங்களுக்கு அயலில் இருந்த மற்றவர்கள் வாக்குப் போட்டார்கள். 1952 தேர்தலில் இம்மக்களில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. காப்பாற்றும் என்று நம்பிய 29ஆம் பிரிவும் 1953இல், அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சிலில் கைகொடுக்கவில்லை. மூன்றாவது வாரத்துப் பலகைக் கணக்கை எங்கள் வீட்டுப் பெயரோடு திரும்பப் போட்டதுபோல இருந்தது எனக்கு, வகுப்பில் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

முடிந்த பிறகு படியில் நின்று மிஸ்ஸிடம் சொன்னேன். “இதை நான் யோசிக்கவே இல்லை தங்கச்சி” என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். அடுத்த முறை சோல்பரிக்கு இரண்டு வாரம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கையேடு போட்டோக் கொப்பிதான், சில பக்கம் மங்கல், இந்தியச் சொல்லும் நம் சொல்லும் கலந்து கிடப்பதால் செனற் சபையும் மேலவையும் ஒன்றுதானா என்று ஏ.எல். பிள்ளைகள் குழம்புவார்கள். அதைத் திருத்தினால் நல்லது. அக்காவின் மகளை அடுத்த பிரிவில் சேர்த்துவிட்டேன். சோல்பரி வரும் வாரம் நானும் வந்து உட்காரலாம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார்.