பலகை வீட்டுக்கு எந்தத் தீயணைப்பான்? பொடியா, நுரையா, சிஓ2-வா?

பாதி கல், பாதி பலகை, மேலே தகரம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய தோட்ட வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால், தீ கிளம்ப வழிகள் பல: வாணலி எண்ணெய், கேஸ் தோங் (சமையல் எரிவாயு உருளை), சாமி விளக்கு, பழைய வயரிங், புல்வெட்டி மெஷினுக்காகப் பின்கட்டில் வைத்திருக்கும் பெட்ரோல். எல்லாவற்றையும் சமமாக அணைக்கும் உருளை எதுவும் இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஏபிசி பொடி வாங்குங்கள். பலகை, பெட்ரோல், கேஸ் மூன்றுக்கும் ஆகும், மின் சாதனத் தீயிலும் அடிக்கலாம். ஆனால் அளவு முக்கியம். காருக்கு விற்கும் 1 கிலோ உருளை பத்து வினாடிகூடத் தாங்காது. பதற்றத்தில் அதில் பாதி சுவருக்குப் போய்விடும். 9 கிலோ உருளையோ மொத்த எடை 13 கிலோவைத் தாண்டும். பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில் அதை யார் தூக்குவது? 2 கிலோவில் இரண்டு வாங்குவதே எங்கள் தேர்வு.

பொடிக்குக் குறையும் உண்டு. அது சுவாலையை அடக்குமே தவிர சூட்டைத் தணிக்காது. மெத்தைக்குள் கனல் இருந்தால் சற்று நேரத்தில் மறுபடி பற்றும்; மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியே தீரவேண்டும். பொடி உருளையில் பலர் செய்யும் தவறு ஒன்று, வாங்கியதும் 'வேலை செய்கிறதா' என்று லேசாக அழுத்திப் பார்ப்பது. பொடித் துகள் வால்வில் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்துபோகும். ஒரு தடவை அழுத்திய உருளையை மறுபடி நிரப்பாமல் மாட்டாதீர்கள்.

நுரை மெத்தைக்கும் பலகைக்கும் பொடியைவிட நல்லது, ஊறி உள்சூட்டைத் தணிக்கும். ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் ஆபத்து. பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு அதை முதல் உருளையாகச் சொல்ல மாட்டோம்.

சிஓ2, அதாவது கரியமில வாயு, கறை வைக்காது. கணினி வைத்த கடைக்குப் பொருத்தம். பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும் வீட்டில் வாயு கலைந்துவிடும், கனலும் அணையாது. அழுத்தமானி இல்லாததால் எடை போட்டுத்தான் நிலை அறியமுடியும். அடிக்கும்போது ஊதுகுழலைத் தொட்டால் குளிரில் கை வெந்துபோகும்.

எண்ணெய்த் தீ தனிக் கதை. தீபாவளி முறுக்கு வாணலி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பொடியையோ சிஓ2-வையோ கிட்டத்தில் அடித்தால் எரியும் எண்ணெய் தெறிக்கும். அதற்குத் தீப்போர்வை வேண்டும். விளிம்பைக் கைமேல் மடித்துக்கொண்டு, உங்கள் பக்கமிருந்து அப்பால் தள்ளி மூடுங்கள், கேஸை அடையுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். சீக்கிரம் தூக்கிப் பார்த்தால் காற்றுப் பட்டு மறுபடி எரியும். ஓயாமல் பொரிக்கும் சாப்பாட்டுக் கடைக்கு சமையல் எண்ணெய்த் தீக்கான எஃப் வகை ஈர ரசாயன உருளை தேவை.

கேஸ் தோங்கில் தீ என்றால் ரெகுலேட்டரை அடைப்பதே முதல் வேலை. அடைக்க முடியாவிட்டால் தீயை அணைக்காதீர்கள். கசியும் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவி வெடிக்கும். எல்லாரும் வெளியேறி 999-க்கு அழைத்துப் பொம்பாவை (தீயணைப்புப் படையை) வரவழையுங்கள்.

உருளையை அடுப்பருகே மாட்டாதீர்கள். வாசல் பக்கம், நெஞ்சு உயரத்தில் மாட்டினால் தீயை நோக்கி நிற்கும்போது வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும். வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரநிர்ணய அமைப்பு) முத்திரை, முறியாத பாதுகாப்பு ஊசி, அழுத்தமானியில் பச்சையில் நிற்கும் முள் மூன்றையும் பாருங்கள். அந்த முள்ளை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.